ஒரு கையெழுத்துக்கு முன்னால்: அன்றாட வாழ்வில் ஞானத்தின் வழியைத் தேர்ந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் என் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தேன். சித்தப்பா மகன் வந்து பக்கத்தில் நின்றான்.

"அண்ணே, பேங்க்ல எல்லாம் முடிஞ்சிட்டு. ஜாமீன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நீங்க போட்டா போதும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

பேக்கரிக்குப் புது ஓவன் வாங்க எட்டு லட்ச ரூபாய் கடன். எனக்கு ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். "சரிப்பா" என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அரைமணி நேரத்துக்கு முன்புதான் உள்ளே நின்று, "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து" என்று சபையோடு சேர்ந்து சத்தமாக வாசித்திருந்தேன். வாசலுக்கு வருவதற்குள் சுயபுத்தியும் சுயகௌரவமும் முந்திக்கொண்டு வந்து நின்றுவிட்டன.

எங்கள் அப்பாவும் இதேபோல ஒரு வாசலில் வைத்துத்தான் "சரி" சொன்னார். கடன் வாங்கியவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். அம்மாவின் நான்கு வளையல்களும் அடகுக் கடைக்குப் போனவை, திரும்பி வரவேயில்லை. அப்பா ஜெபிக்காத மனுஷர் இல்லை. விடியற்காலம் நாலரை மணிக்கு முழங்காலில் நிற்பவர். அப்படிப்பட்டவரும் ஏன் வழுக்கினார் என்ற கேள்வி எனக்குள் வெகுகாலம் கிடந்தது. ஜெபத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் சில படிகள் இருக்கின்றன. அவர் அவற்றைத் தாண்டிக் குதித்துவிட்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அந்தப் படிகளை அந்த ஒரு கையெழுத்தை வைத்தே சொல்கிறேன். வேலை மாறுவது, மனை வாங்குவது, பிள்ளைக்கு வரன் பார்ப்பது எதுவானாலும் படிகள் கிட்டத்தட்ட இவைதான்.

தொடங்குமுன்: ஞானம் என்று எதைச் சொல்கிறோம்?

நம் சபைகளில் ஞானம் என்றதும் ஏதோ மேலிருந்து திடீரென்று விழுகிற வெளிச்சம் போல ஒரு நினைப்பு இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் ஞானத்துக்கு வருகிற எபிரெயச் சொல் ஹொக்மா. யாத்திராகமம் 31இல் ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பொன், வெள்ளி, வெண்கல வேலை செய்த பெசலெயேலுக்குக் கர்த்தர் கொடுத்ததாகச் சொல்லப்படுவதும் அதே சொல்தான். ஆரோனுக்கு உடுப்புத் தைத்த தையற்காரர்களுக்கும் அதே சொல். அதாவது, தச்சன் கைக்கு மரத்தின் ரேகை தெரிவதுபோல, வாழ்க்கையின் ரேகை தெரிந்து உளி வைக்கிற பழக்கம். பழக்கம் என்பதால் பழகத்தான் வேண்டும். முதல் நாற்காலி ஆடத்தான் செய்யும்.

இன்னொரு சொல், "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்." சுவரில் மாட்டிவைத்துப் பழகிப்போன வசனம். இதன் அர்த்தம் எனக்கு விளங்கியது நீதிமொழிகள் 29:25ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான்: "மனுஷனுக்குப் பயப்படும் பயம் கண்ணியை வருவிக்கும்." ஆக, பயம் இரண்டு வகை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிற பயம் ஒன்று. கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்கிற பயம் மற்றொன்று. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பயந்தது முதல் வகை. என் தம்பி முகம் வாடுமே, சித்தி என்ன நினைப்பாள், சபையில் "அவரு கேட்டா இல்லன்னு சொல்லமாட்டாரு" என்ற பெயர் போய்விடுமே! கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்த முதல் பயத்தை இறக்கிவைத்து இரண்டாவதைப் பிடித்துக்கொள்வதற்குத்தான்.

முதல் படி: இது எந்த வகைக் காரியம் என்று பிரியுங்கள்

சில காரியங்களுக்கு "கர்த்தருடைய சித்தம் என்னவோ" என்று மூன்று நாள் உபவாசம் இருக்கவே தேவையில்லை. கிரயப் பத்திரத்தில் தொகையைக் குறைத்துக் காட்டலாமா? வேலைக்காகப் போலிச் சான்றிதழ் கொடுக்கலாமா? "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11:1 சொல்லிவிட்டது. தெளிவாகச் சொல்லப்பட்டதைப் பற்றி மறுபடி ஜெபிக்கிறேன் என்பது பல சமயம் அனுமதி கிடைக்குமா என்று கதவைத் தட்டிப் பார்ப்பதுதான்.

வேறு சில காரியங்கள் நம் விருப்பத்துக்கு விடப்பட்டவை. நீலச் சட்டையா வெள்ளைச் சட்டையா என்று பரலோகத்தைக் கேட்கவேண்டாம்.

நடுவில் இருப்பதுதான் பெரிய பரப்பு. பாவம் என்றும் சொல்ல முடியாது, சும்மா விட்டுவிடவும் முடியாது. ஜாமீன் கையெழுத்து இந்த ரகம். வேதத்தில் இதற்கு இரண்டு பக்கமும் ஆதாரம் உண்டு என்பதை ஆறாம் படியில் பார்க்கலாம்.

இரண்டாம் படி: அந்த இடத்தில் பதில் சொல்லாதீர்கள்

இந்த ஒரு படியை மட்டும் கைக்கொண்டாலே பாதித் தவறுகள் குறையும். "கால் துரிதமானவன் தப்பி நடக்கிறான்" என்கிறது நீதிமொழிகள் 19:2. இங்கே தப்பி என்பது பிழைத்துப்போவது அல்ல, வழிதவறிப் போவது. பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும்.

பெர்சிய ராஜாவிடம் வேலை பார்த்த யூதரான நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடக்கிற செய்தி அவருக்குக் கிடைத்தது கிஸ்லேவ் மாதத்தில். ராஜாவிடம் அவர் வாய் திறந்தது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம். ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்று கேட்டபோது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஜெபம். அந்தக் கணநேர ஜெபத்துக்குப் பின்னால் நான்கு மாத ஜெபமும் யோசனையும் இருந்ததால்தான் எத்தனை நாள், யார் யாருக்குக் கடிதம், மரத்துக்கு யாரைக் கேட்பது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

நேரம் வாங்குவதற்கு ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் தேடினால் கிடைக்காது. நான் சொன்னது இது: "தம்பி, வீட்ல பேசிட்டு புதன்கிழமை சாயந்திரம் சொல்லுதேன்."

"மதினிகிட்ட கேக்கணுமா அண்ணே? ஒரு கையெழுத்துதான?"

"ஆமா, கேக்கணும்."

நாள் குறித்துச் சொன்னது முக்கியம். "பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பது வேறு வியாதி. "உன்னிடத்தில் பொருள் இருக்கையில் உன் அயலானை நோக்கி: நீ போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே" என்று நீதிமொழிகள் 3:28 இருக்கிறது. பசித்து வந்தவனிடம் "ஜெபித்துச் சொல்கிறேன்" என்பது கஞ்சத்தனத்துக்குப் போர்த்தின வெள்ளை அங்கி. அவசரம் யாருடையது என்று பாருங்கள். பசிக்கு அவசரம் உண்டு. ஓவனுக்கு மூன்று நாள் பொறுக்க முடியும்.

மூன்றாம் படி: ஞானத்தைக் கேளுங்கள், அடையாளத்தை அல்ல

யாக்கோபு 1:5 நமக்கெல்லாம் மனப்பாடம். ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கக்கடவன். தேவன் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர், கடிந்துகொள்ளாதவர். இந்தக் கடைசி வார்த்தை எனக்கு மிகவும் பிடிக்கும். "இதுகூடத் தெரியாதா உனக்கு" என்று கேட்காத ஒருவரிடம் போய்க் கேட்கிறோம்.

ஆனால் நாம் கேட்பதென்ன? கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைக்கிறோம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைப் பார்க்கிறோம். "நான் உன்னை ஆசீர்வதிப்பேன்" என்று வந்திருந்தால் மனைக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறோம். வாக்குத்தத்த அட்டையை நானும் எடுக்கிறவன்தான், வருஷம் முழுதும் வேதத்துக்குள் வைத்திருப்பேன். ஆறுதலுக்கு அது நல்லது. வியாபாரக் கணக்குக்கு அது எழுதப்படவில்லை. தேவாலயத்து உப்பரிகையில் நின்றுகொண்டு 91ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டியவன் யார் என்று மத்தேயு 4இல் பார்க்கலாம். வசனம் சரி. அதைப் பொருத்திய இடம்தான் தப்பு.

கிதியோன் ஆட்டுத் தோலைப் போட்டு, அதில் பனி பெய்கிறதா என்று அடையாளம் பார்த்தானே என்பார்கள். அவனுக்கு என்ன செய்யவேண்டும் என்பது முன்னமே சொல்லப்பட்டிருந்தது. "நீர் சொன்னபடி" என்று அவனே சொல்லிக்கொண்டுதான் தோலைப் போடுகிறான். அது வழி தெரியாதவன் கேட்டதல்ல, தைரியம் போதாதவன் கேட்டது.

சாலொமோன் கிபியோனில் கேட்டதை நம் வேதாகமம் "ஞானமுள்ள இருதயம்" என்கிறது. எபிரெயத்தில் நேராகப் பார்த்தால் அது "கேட்கிற இருதயம்". ஆகவே ஜெபத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம்: "ஆண்டவரே, நான் எதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேனோ அதை எனக்குக் காட்டும். யார் சொல்லைக் கேட்க எனக்கு மனதில்லையோ அவர்களைக் கேட்கச் செய்யும்." இந்த ஜெபத்துக்கு எனக்குக் கிடைத்த பதில்கள் பெரும்பாலும் என் மனைவியின் குரலில்தான் வந்திருக்கின்றன.

நான்காம் படி: விவரத்தை முழுதாகக் கேளுங்கள்

ஆவிக்குரிய மனுஷர் கணக்குப் பார்க்கமாட்டார் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று லூக்கா 14இல் சொன்னவர் இயேசு.

யோசுவா 9 இந்தப் படிக்கு நல்ல பாடம். கிபியோனியர் பூசணம் பூத்த அப்பத்தையும் பீறல் ஒட்டுப்போட்ட திராட்சரசத் துருத்தியையும் பழைய பாதரட்சையையும் காட்டி, தூரதேசத்திலிருந்து வருகிறோம் என்றார்கள். இஸ்ரவேலர் அப்பத்தைப் பார்த்தார்கள், உடன்படிக்கை பண்ணினார்கள். கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். ஜெபிக்காததோடு விசாரிக்கவும் இல்லை. ஒருவனை அந்தத் திசையில் மூன்று நாள் நடக்கவிட்டிருந்தால் போதும்.

திங்கட்கிழமை நான் தம்பியிடம் கேட்டவை இவை. கடன் எத்தனை வருஷத்துக்கு? மாதத் தவணை எவ்வளவு? பேக்கரியில் மாதம் கையில் நிற்பது எவ்வளவு? ஏற்கெனவே வேறு கடன் ஓடுகிறதா? வேறு யாரும் ஜாமீன் போடுகிறார்களா? வங்கி ஏன் மூன்றாம் ஆள் கையெழுத்துக் கேட்கிறது? கடைசிக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. "அது அவங்க வழக்கம் அண்ணே" என்றான். சில முகச்சுளிப்புகளைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

என் பக்கமும் தெரிந்துகொள்ள வேண்டியது இருந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. நம்மில் பலர் நினைப்பது, கடன் வாங்கியவனிடம் எல்லாம் கேட்டு, அவன் சொத்தையெல்லாம் ஏலம் விட்டு, அப்புறம்தான் நம்மிடம் வருவார்கள் என்று. அப்படி வரிசை கிடையாது. தவணை நின்றால் நேரே ஜாமீன்தாரரிடம் வரலாம். "சும்மா சாட்சிக் கையெழுத்து மாதிரிதான்" என்று யாராவது சொன்னால், சாட்சிக் கையெழுத்தும் ஜாமீன் கையெழுத்தும் ஒரே தாளில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று தெரிந்துகொள்ளுங்கள். கடன் கெட்டால், வங்கிகள் பார்க்கிற சிபில் என்னும் கடன் வரலாற்றுப் பதிவில் நம் பெயரும் கெடும். நாளை மகள் படிப்புக் கடனுக்குப் போகும்போது அது தெரியவரும்.

நீதிமொழிகள் 22:27, செலுத்த ஒன்றுமில்லாவிட்டால் "நீ படுத்திருக்கும் படுக்கையையும்" எடுத்துக்கொள்வானே என்கிறது. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முன்னால் எழுதியதும் 1872இல் எழுதியதும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

ஐந்தாம் படி: சரியான ஆட்களிடம் ஆலோசனை கேளுங்கள்

"ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் அவைகள் உறுதிப்படும்" (நீதிமொழிகள் 15:22). அநேகர் என்றால் நமக்குப் பிடித்ததைச் சொல்லும் அநேகர் அல்ல. சாலொமோனுக்குப் பின் ராஜாவான அவன் மகன் ரெகொபெயாமுக்கு, ஜனங்கள் வந்து பாரத்தைக் குறைக்கக் கேட்டபோது, ஆலோசனைக்காரருக்குக் குறைச்சலே இல்லை. மூன்று நாள் தவணையும் வாங்கினான். என் இரண்டாம் படியைச் சரியாகத்தான் செய்தான்! முதியோர் சொன்னது கசந்தது. கூட வளர்ந்த வாலிபரைக் கேட்டான். "என் சுண்டுவிரல் என் தகப்பனாருடைய இடுப்பைப்பார்க்கிலும் பருமன்" என்று பேசச் சொல்லிக்கொடுத்தார்கள். பத்துக் கோத்திரம் போயிற்று.

நான் மூன்று விதமான ஆட்களைத் தேடுவேன். காரியம் தெரிந்தவர் ஒருவர். முடிவினால் அடிபடப்போகிறவர் ஒருவர். லாபமும் நஷ்டமும் இல்லாத தேவபக்தியுள்ளவர் ஒருவர்.

காரியம் தெரிந்தவர் எங்கள் சபையிலேயே இருந்தார், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. சிறு, குறு தொழில்களுக்குச் சொத்துப் பிணையும் மூன்றாம் ஆள் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்க மத்திய அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்று 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. "பேக்கரி தயாரிப்புத் தொழில்தானே, கேட்டுப் பார்க்கச் சொல்லுங்க சார்" என்றார். குருவானவரிடம் மட்டும் போயிருந்தால் இது தெரிந்திருக்காது. குருவானவர்களை நாம் கடனுக்கும் கல்யாணத்துக்கும் கத்தரிக்காய்த் தோட்டத்துக்கும் ஆலோசனை கேட்டுக் கேட்டு, அவர்களையும் தெரியாததைச் சொல்லவைத்துவிடுகிறோம்.

அடிபடப்போகிறவர் என் மனைவி. பல வீடுகளில் கையெழுத்துப் போட்டு மூன்று மாதம் கழித்து, வங்கிக் கடிதம் வந்த பிறகுதான் மனைவிக்குத் தெரிகிறது. தாவீதின் ஆட்களை நாபால் அவமதித்து அனுப்பியதால், தாவீதின் நானூறு பேர் பட்டயத்தோடு அவன் வீட்டை நோக்கி வந்தபோது, அந்த வீட்டைக் காப்பாற்றியது கணவனின் வாய் அல்ல, மனைவி அபிகாயிலின் புத்தி. 200 அப்பங்கள், 2 துருத்தி திராட்சரசம், சமையல்பண்ணப்பட்ட 5 ஆடுகள் என்று கழுதைகள்மேல் ஏற்றி அனுப்பிவிட்டு, தானும் பின்னாலேயே போனாள். பேச்சுக்கு முன் அப்பம் போகட்டும் என்ற அந்தக் கணக்கு இருக்கிறதே, அதுதான் ஹொக்மா.

என் மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, அவன் கட்டலன்னா நம்மளால மாசாமாசம் கட்ட முடியுமா?"

"முடியாது."

"அப்போ நீங்க போடுறது யாரோட கையெழுத்து?"

ஆறாம் படி: வசனத்தை வசனத்தோடு வைத்துப் பாருங்கள்

நீதிமொழிகளில் 31 அதிகாரம். தேதிக்கு ஒரு அதிகாரம் என்று மாதாமாதம் வாசிக்கிறவர்கள் நம்மில் உண்டு. நல்ல பழக்கம். நான் கூடுதலாகச் செய்வது ஒன்றே ஒன்று. பழைய டைரி ஒன்றில் பணம், நாக்கு, கோபம், சிநேகிதர், வேலை, பிள்ளைகள் என்று தலைப்புப் போட்டு, வாசிக்கும்போது வசனத்தின் எண்ணை மட்டும் அதனதன் கீழே எழுதிக்கொள்கிறேன். ஒரு மாதத்தில் பாதி டைரி நிறைந்துவிடும். ஒரு காரியம் வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் எல்லாப் பக்கத்து நியாயமும் ஒன்றாக நிற்கும்.

அப்போது சில வசனங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பதும் தெரியும். 26:4, மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது. அடுத்த வசனமே, கொடு என்கிறது. எழுதியவருக்கு மறதி இல்லை. எந்த மூடன், எந்த நேரம், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்து இரண்டில் ஒன்றை எடுக்கவேண்டியவர் வாசிக்கிறவர்.

ஜாமீனிலும் இதே கதை. நீதிமொழிகள் 6, 11, 17, 22 எல்லாம் வேண்டாம் என்கின்றன. ஆனால் ஆதியாகமத்தில் தம்பி பென்யமீனுக்காக அண்ணன் யூதா உத்தரவாதம் பண்ணுகிறான். பிலேமோனுக்கு எழுதும்போது பவுல், அவனுடைய அடிமையான ஒநேசிமுவுக்காக, "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்... நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று சொந்தக் கையால் எழுதித் தருகிறார். எபிரெயர் 7:22 இயேசுவையே பிணையாளி என்கிறது. கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக்கின் ஞான நூல் 29ஆம் அதிகாரம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது: நல்லவன் அயலானுக்குப் பிணை நிற்பான், பிணை நின்று கெட்டவர்கள் ஏராளம், உன் சக்திக்கு ஏற்ப உதவு, நீ விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்.

பவுலின் வரியை மறுபடி வாசியுங்கள். கடன் எது என்று அவருக்குத் தெரியும், ஆளைத் தெரியும். "அவன் தருவான்" என்று எழுதவில்லை, "நான் செலுத்துவேன்" என்று எழுதினார். என் டைரியில் பணம் என்ற பக்கத்தின் மேலே எழுதிவைத்திருப்பது இதிலிருந்து எடுத்த அளவுகோல்: அவன் கட்டாவிட்டால், அவனைத் திட்டாமல், என் வீடு ஆடாமல், நான் கட்டிமுடிக்க முடியுமா? முடியும் என்றால் கையெழுத்துப் போடலாம். முடியாது என்றால், முடிந்த தொகையைக் கையில் கொடுப்பது மேல்.

ஏழாம் படி: உங்கள் நெஞ்சையும் சோதியுங்கள்

இது சின்னப் படி, ஆனால் வலிக்கும். யாக்கோபு 3:17 பரத்திலிருந்து வருகிற ஞானத்தை வரிசையாகச் சொல்கிறது: முதலாவது சுத்தமுள்ளது, பின்பு சமாதானம், சாந்தம், இணக்கம், இரக்கம், பட்சபாதமின்மை, மாயமின்மை. செவ்வாய் இரவு இதை வைத்து என்னைக் கேட்டுக்கொண்டேன். மறுக்கப்போகிறாயே, அது விவேகமா, அல்லது பழைய கணக்கா? இவன் தகப்பன், என் சித்தப்பா, பாகப்பிரிவினையில் செய்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது என்பதை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். முடிவு மாறவில்லை. ஆனால் முடிவைச் சொல்லும் தொனி மாறியது.

எட்டாம் படி: எப்படிச் சொல்வது

முடிவு ஞானமாக இருந்து, சொன்ன விதம் மடத்தனமாக இருந்தால் எல்லாம் பாழ். வாட்ஸ்அப்பில் மறுக்காதீர்கள். நேரே போங்கள். அவன் மனைவி பிள்ளைகள் முன்னால் பேசாதீர்கள். அபிகாயில் வீடு திரும்பியபோது நாபால் குடித்து வெறித்திருந்தான். பொழுதுவிடியுமட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கும் நிலையில் இருக்கும்போது சொல்வதும் ஞானத்தில் சேர்த்திதான்.

புதன்கிழமை சாயந்திரம் போனேன். கூட்டம் ஓய்ந்த நேரம், ரொட்டி வாசனை. முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்தால் எதிரில் இருப்பவனுக்கு நம்பிக்கை வளர்ந்துகொண்டே போகும்.

"தம்பி, நான் ஜாமீன் போடல. நீ கட்டமாட்டன்னு இல்ல. நீ கட்ட முடியாமப் போனா என்னால கட்ட முடியாது. கட்ட முடியாததுக்குக் கையெழுத்துப் போட்டா அது பொய்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பதாயிரம் ரூபாய் கொண்டுபோயிருந்தேன். "இது கடன் இல்ல. ஓவனுக்கு வச்சுக்கோ" என்று மேசைமேல் வைத்தேன். அந்த உத்தரவாதத் திட்டத்தைப் பற்றியும் சொல்லி, அந்த ஓய்வுபெற்ற அதிகாரியிடம் கூட்டிப்போவதாகவும் சொன்னேன். அவன் பணத்தை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. காரணங்களை அடுக்கிக்கொண்டே போகவேண்டும் போல எனக்கு வாய் ஊறியது. அடக்கிக்கொண்டேன். மறுப்புக்கு ஒரு காரணம் போதும். ஐந்து காரணம் சொன்னால் ஐந்துக்கும் அவன் பதில் வைத்திருப்பான்.

ஒன்பதாம் படி: ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால்

இதை வாசிக்கிறவர்களில் கையெழுத்துப் போட்டு முடித்தவர்கள் இருப்பீர்கள். நீதிமொழிகள் 6:1-5 உங்களுக்காகவே எழுதியது. வாய்மொழியால் சிக்கிக்கொண்டாயானால் போய் உன்னைத் தாழ்த்து, சிநேகிதனை வருந்திக் கேள், கண்ணுக்கு நித்திரை வரவிடாதே, வெளிமான் வேட்டைக்காரன் கைக்குத் தப்புவதுபோல் தப்பு என்கிறது. கையெழுத்துக்கு முன்னால் தூங்கி எழுந்து யோசிக்கவேண்டியவன், கையெழுத்துக்குப் பின்னால் தூங்கக்கூடாது.

நடைமுறையில் இதைச் செய்யலாம். கடனின் இன்றைய நிலை என்ன என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட பத்திரத்தின் நகலையும் கேளுங்கள். கடன்காரரிடம் வேறு ஜாமீன்தாரரையோ சொத்துப் பிணையையோ மாற்றாகக் கொடுக்கச் சொல்லுங்கள். வங்கி சம்மதித்தால் எழுத்தில் விடுவிப்புக் கடிதம் வாங்குங்கள், வாய்ச்சொல் செல்லாது. நீங்கள் கட்டும்படி ஆகிவிட்டால், கட்டிய ரசீது ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள்; கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமை அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 145இல் இருக்கிறது. ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு வெட்கப்படவேண்டாம். வீட்டாரிடம் மறைப்பதைத்தான் முதலில் நிறுத்தவேண்டும். எங்கள் அப்பா இரண்டு வருஷம் மறைத்தார். வளையல் போனதைவிட அம்மாவுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

பத்தாம் படி: பழகுங்கள்

பெரிய காரியம் வரும்போது மட்டும் ஞானம் தேடினால் கை வராது. அலுவலகத்தில் ஒருவரைப் பற்றி ஒரு பக்கக் கதை வந்ததும் நம்பாமல் இருப்பது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொதித்துக்கொண்டு தட்டெழுதியதை அனுப்பாமல் அழிப்பது, பிள்ளை சொல்லி முடிக்குமுன் பதில் சொல்லாமல் இருப்பது. நீதிமொழிகள் 18:17, 15:1, 18:13 ஆகிய மூன்று வசனங்களையும் தினமும் ஐந்து தடவையாவது உபயோகிக்க வாய்ப்புக் கிடைக்கும்.

இரவில் குடும்ப ஜெபத்துக்குப் பிறகு டைரியில் இரண்டு வரி எழுதுகிறேன்: இன்று எங்கே அவசரப்பட்டேன், எங்கே பயந்தேன். சாலொமோனே பிற்காலத்தில் சறுக்கினார் என்று 1 இராஜாக்கள் 11 சொல்கிறது. கேட்கிற இருதயத்தைக் கேட்டு வாங்கியவர், பிற்காலத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அது பயமுறுத்தலாகவே இருக்கிறது.

தம்பி அந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கவில்லை, நாளாகும் என்று விட்டுவிட்டான். அவன் மாமனார் வழியில் ஒருவர் கையெழுத்துப் போட்டார். ஓவன் வந்தது. எட்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகையில் பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அரைக்கிலோ கேக் ஒன்றை மகனிடம் கொடுத்துவிட்டான், அவன் வரவில்லை. அடுத்த வருஷம் அவனே கொண்டுவந்தான்.

ஐந்து வருஷக் கடன். போன பங்குனியில் கடைசித் தவணையைக் கட்டி முடித்தான். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. செய்தி வந்த அன்று ராத்திரி என் மனைவி, "போட்டிருக்கலாமோ?" என்றாள். எனக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. டைரியை எடுத்து அந்த வாரத்துப் பக்கத்தைப் பார்த்தேன். மாதத் தவணை, என் சம்பளம், மகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் பென்சிலில் கூட்டிப் போட்டிருந்தது. மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். அதே தொகைதான் வந்தது.